விளம்பரத்து வீடும் நம்ம வீடும்: வேக்குவம் கிளீனர் சொன்னதைச் செய்கிறதா?

"அக்கா, நான் அனுப்புன வீடியோ பார்த்தியா? வட்டமா ஒரு மெஷின், தானா வீடு பூரா சுத்துது. அது போன எடமெல்லாம் தரை கண்ணாடி மாதிரி ஆயிடுது!"

சிதம்பரத்திலிருந்து தங்கை பேசுகிறார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அக்கா வெண்டைக்காய் நறுக்குகிறார்.

"பார்த்தேன்டி. அந்த வீட்ல ஒரு செருப்புகூட வெளிய கெடக்கல, கவனிச்சியா? கொடியில துணி இல்ல, தரையில சார்ஜர் வயர் இல்ல, ஒரு வெங்காயச் சருகு இல்ல. அப்படி ஒரு வீட்ட எதுக்குடி கூட்டணும்?"

இந்த அக்காவும் தங்கையும் கற்பனைதான். ஆனால், இவர்கள் பேசுவது பல வீடுகளில் நடக்கும் பேச்சு. தங்கைக்குச் சீட்டுப் பணம் முப்பதாயிரம் வரப்போகிறது. குனிந்து பெருக்க முடியாதபடி மூட்டுவலி. அக்கா வீட்டில் எழுபது வயது மாமியாருக்கு இளைப்பு. தூசு கிளம்பினால் அன்றைக்கு இன்ஹேலர்தான். இருவருக்குமே விளம்பரம் ஒரே பதிலைத்தான் சொல்கிறது: ‘இதை வாங்கினால் தூசு போய்விடும்.’

போகுமா? எவ்வளவு போகும்? யார் வீட்டில் போகும்? பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பு பார்த்துவிடலாம்.

கைக்குட்டையில் தொடங்கிய கதை

1901-ம் ஆண்டு. லண்டனில் ஓர் அரங்கில் புதிய துப்புரவு இயந்திரம் ஒன்றைக் காட்டுகிறார்கள். அது காற்றை வேகமாக ஊதித் தூசைக் கிளப்பும். கிளம்பும் தூசு பெட்டிக்குள் போய் விழ வேண்டும். பாதி விழுந்தது, மீதி சுற்றிலும் பறந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், "ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன?" என்று கேட்டார். பிறகு ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தபோது, இருக்கையின் மீது கைக்குட்டையை விரித்து, அதில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். தொண்டையில் தூசு அடைத்துப் புரையேறியது. ஆனால், கைக்குட்டையின் அடிப்பக்கத்தில் அழுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. அதே ஆண்டு காப்புரிமை வாங்கிவிட்டார். அவருடைய இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். நீண்ட குழாய்களை ஜன்னல் வழியே உள்ளே விட்டு வீட்டைச் சுத்தம் செய்வார்கள்.

அதை வீட்டுக்குள் கையால் தள்ளும் அளவுக்குச் சின்னதாக்கியவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு கடையைக் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர். அவருக்கு ஆஸ்துமா. பெருக்கும்போது பறக்கும் தூசு அவரைப் பாடாய்ப்படுத்தியது. மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கழி, தலையணை உறை... கையில் கிடைத்ததை வைத்து ஓர் இயந்திரம் கட்டினார். 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கி வியாபாரமாக்கியவர் வில்லியம் ஹூவர். பிற்காலத்தில் பிரிட்டனில் வீட்டைச் சுத்தம் செய்வதற்கே ‘ஹூவர் பண்ணுவது’ என்று பெயராகிவிட்டது.

ஆக, இது பணக்காரர்களின் சொகுசுக்காக மட்டும் வந்த பொருள் அல்ல. இளைப்பால் அவதிப்பட்ட ஒரு துப்புரவுப் பணியாளர், தன் மூச்சுக்காகச் செய்துகொண்ட கருவி. நம் வீடுகளில் தூசை முதலில் மூச்சில் வாங்குபவர் யார் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

டை கட்டிய அண்ணன்கள்

இந்தியாவில் வேக்குவம் கிளீனரை நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்குக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்துக்கு உண்டு. 1982-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. டை கட்டிய விற்பனையாளர்கள் கையில் பெட்டியோடு வீடு வீடாக ஏறி, ‘யூரோகிளீன்’ இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். அதன் பிறகு பல நிறுவனங்கள் அதே பாணியைப் பிடித்துக்கொண்டன.

அந்த டெமோ பலருக்கு நினைவிருக்கும். உறிஞ்சும் வாயில் ஒரு துணியை வைத்து, மெத்தையில் நாலு இழுப்பு இழுப்பார்கள். துணியை எடுத்துக் காட்டினால் சாம்பல் நிறத்தில் தூள். "இதுலதாம்மா தெனமும் படுக்குறீங்க" என்பார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

அது ஏமாற்று வேலை இல்லை. பூத்தின் கைக்குட்டைக்கும் இதுதான் நடந்தது. ஆனால், அந்தத் துணி எதை நிரூபிக்கிறது? மெத்தையில் தூசு இருந்தது, அதில் கொஞ்சம் வெளியே வந்தது. அவ்வளவுதான். மெத்தைக்குள் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அந்தத் துணி சொல்லாது. யார் வீட்டு மெத்தையை இழுத்தாலும் தூள் வரும், ஏனென்றால் மனிதத் தோலிலிருந்து தினமும் செதில்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன.

இன்றைக்கு அந்த டை கட்டிய அண்ணனின் இடத்தை செல்போன் வீடியோ பிடித்துக்கொண்டது. அன்றைக்காவது உங்கள் வீட்டு மெத்தையில் ஓட்டிக் காட்டினார்கள். இப்போது அவர்கள் வீட்டுத் தரையில், அவர்களே கொட்டிய அவலில் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

பாஸ்கல், வாட்ஸ்... எண்ணிக்கை மயக்கம்

ஆன்லைனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரிய எண்கள். ‘20,000 பாஸ்கல்’, ‘1,600 வாட்ஸ்’ என்று போட்டிருப்பார்கள். எண் பெரிதாக இருந்தால் சக்தியும் அதிகம் என்று தோன்றும்.

வாட்ஸ் என்பது இயந்திரம் கரண்ட்டை எவ்வளவு இழுக்கும் என்ற கணக்கு. தூசை எவ்வளவு இழுக்கும் என்ற கணக்கு அல்ல. இரண்டு வீட்டில் ஒரே அளவு கேஸ் எரிந்தாலும் ஒரே ருசியில் சாம்பார் வருவதில்லையே, அதுபோல.

பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அளவு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1,01,325 பாஸ்கல். ‘20,000 பாஸ்கல்’ என்றால் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உறிஞ்சுவிசை. இந்த எண்ணைப் பெரிதாகக் காட்ட ஒரு வழி உண்டு. குழாயின் வாயை மூடிவிட்டு அளந்தால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். விரலை ‘சுர்’ரென்று இழுக்கும். ஆனால், ஒரு சொட்டு இளநீர் வாய்க்கு வராது.

வேக்குவம் கிளீனரும் இதேதான். தூசை அள்ளிக்கொண்டு போவது ஓடுகிற காற்று. அழுத்தமும் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு ‘ஏர் வாட்ஸ்’ என்று பெயர். சில நிறுவனங்கள் அதைக் குறிப்பிடுகின்றன. பாஸ்கலை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அடுத்த எண்ணையும் கேளுங்கள்.

காலிப் பையை வைத்து வாங்கிய மார்க்

ஐரோப்பாவில் நடந்த ஒரு வழக்கு, இந்த மொத்த விஷயத்தையும் புரியவைக்கும்.

2014 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு காரியங்களைச் செய்தது. வீட்டு வேக்குவம் கிளீனர்களின் மின்திறனுக்கு 1,600 வாட்ஸ் என்று உச்சவரம்பு வைத்தது. 2017-ல் அதை 900 வாட்ஸாகக் குறைத்தது. கூடவே, நம் ஊர் ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுவதுபோல ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தர லேபிளும் கட்டாயமானது.

அந்தத் தர அளவீட்டைத்தான் டைசன் நிறுவனம் எதிர்த்தது. காரணம் எளிமையானது. சோதனையின்போது தூசுப் பை காலியாக இருந்தது! வீட்டில் ஓட்டும்போது பை நிரம்பும், ஃபில்டர் அடைக்கும், இழுவை குறையும். காலிப் பையை வைத்து வாங்கிய மார்க், வாங்குபவர்களுக்குத் தவறான தகவல் என்பது அந்த நிறுவனத்தின் வாதம். பை இல்லாத இயந்திரங்களை விற்கும் நிறுவனம் என்பதால், அதற்கு இதில் சொந்த லாபமும் இருந்தது. 2015-ல் வழக்குத் தோற்றது. மேல்முறையீட்டுக்குப் பிறகு, 2018 நவம்பர் 8-ம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த லேபிள் விதியையே ரத்து செய்தது. வீட்டில் பயன்படுத்தும் நிலைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு நெருக்கமாகச் சோதிக்க வேண்டும் என்பதே அடிப்படை.

அரசாங்கம் ஒட்டிய லேபிளுக்கே இந்தக் கதி என்றால், விற்பவர் ஒட்டும் வாசகத்தை எப்படி எடுத்துக்கொள்வது? ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் வரும் எண் முதல் நாள், முதல் நிமிட எண். உங்களுக்குத் தேவை ஆறாவது மாத எண். அதை நல்லபடியாக வைத்திருப்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. டப்பா நிரம்பும்வரை காத்திருக்காமல் காலி செய்ய வேண்டும். கழுவக்கூடிய ஃபில்டராக இருந்தால் கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

கடற்கரை மணலும் சிதம்பரத்து நிலைப்படியும்

சரி, நம்ம தரைக்கு வருவோம்.

வேக்குவம் கிளீனர் பிறந்தது கார்ப்பெட் விரித்த நாடுகளில். கார்ப்பெட்டைக் கூட்ட முடியாது, அதனால் அங்கே அது அவசியம். ஐரோப்பிய லேபிளில் கார்ப்பெட்டுக்கு ஒரு மார்க், வெறுந்தரைக்கு ஒரு மார்க் என்று தனித்தனியாகப் போட்டதற்குக் காரணம், ஒன்றில் கெட்டிக்கார இயந்திரம் இன்னொன்றில் சுமாராக இருக்கலாம் என்பதுதான். நம் வீடுகளில் டைல்ஸ், மொசைக், சிவப்பு ஆக்சைடு தரை. இதைப் பெருக்க ஐந்து நிமிடம், ஒரு பூந்துடைப்பம் போதும். ஆகவே விளம்பரத்தில் கார்ப்பெட் காட்டினால், அந்தக் காட்சி உங்களுக்கானது அல்ல.

கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போய் வந்தால் செருப்பிலும் பாவாடை ஓரத்திலும் மணல் வரும். அந்த மணலுக்கு எடை அதிகம். சுழலும் பிரஷ் உள்ள கருவியை டைல்ஸில் ஓட்டினால் சில மணல் துகள்கள் உள்ளே போகும், சில சுவரோரம் தெறிக்கும். வெறுந்தரைக்கு என்று தனியாக வரும் மென்மையான ரோலரோ, பிரஷ் சுழலாத தலையோ இருந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும். பெட்டிக்குள் அது இருக்கிறதா, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று பாருங்கள்.

சிதம்பரத்தில், தேரோடும் வீதிகளை ஒட்டிய பழைய வீடு என்றால் வாசலில் திண்ணை, நடுவில் முற்றம், அறைக்கு அறை நிலைப்படி. ரோபோ வேக்குவம் கிளீனர்களில் பல, சுமார் இரண்டு சென்டிமீட்டர் உயரம்தான் ஏறும். பழைய வீட்டு நிலைப்படி அதற்கு மலை. முற்றத்துப் படியில் கீழே விழாமல் சென்சார் காப்பாற்றிவிடும். ஆனால், ஒவ்வோர் அறைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும். மூட்டுவலிக்காக வாங்கிய மெஷினை ஆறு தடவை குனிந்து தூக்குவதா?

புதிய ஃபிளாட்டில், ஒரே மட்டமான டைல்ஸ் தரையில், கட்டிலுக்கு அடியில் ரோபோ நன்றாகவே உழைக்கும். குனிய முடியாதவர்களுக்குப் பெரிய உதவிதான். ஆனால் கொடிக்கயிறு, சார்ஜர் வயர், பாயின் ஓரம், குழந்தையின் சாக்ஸ் எல்லாவற்றையும் முதலில் மனிதர்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். ரோபோவின் ‘மாப்’ ஈரத்துணியால் துடைக்கும். ரசம் கொட்டிக் காய்ந்த கறையைத் தேய்த்து எடுக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே.

இன்னும் இரண்டு உள்ளூர் எதிரிகள் உண்டு. ஒன்று, நீளமான தலைமுடி. பிரஷில் சுற்றிக்கொண்டால் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். இன்னொன்று, கோலமாவு. மாவு, சிமென்ட் தூள், விபூதி போன்ற மிக நைஸான பொடிகள் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். சாம்பிராணித் தணலை உறிஞ்சவே கூடாது. நெருப்பு உள்ளே போய்விடும்.

மழைக்காலத்துக்கும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருக்கெடுத்து கடலூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதுபோல சேறும் தண்ணீரும் நிற்கும்போது, சாதாரண வேக்குவம் கிளீனரை எடுத்தால் மின்சாரம் தாக்கும் ஆபத்து உண்டு. ‘வெட் அண்ட் டிரை’ என்று தெளிவாகக் குறிப்பிட்ட இயந்திரம் மட்டுமே தண்ணீரை உறிஞ்சும். அதையும் வீட்டு ஒயரிங் நனையவில்லை என்று உறுதியான பிறகே பிளக்கில் சொருக வேண்டும்.

‘அலர்ஜி போகும்’ என்ற வாக்குறுதி

இப்போது மாமியாரின் இளைப்புக்கு வருவோம். அதிகம் விற்பதும், அதிகம் கவனமாகப் படிக்க வேண்டியதும் இந்த வாக்குறுதிதான்.

‘ஹெப்பா ஃபில்டர்’ என்பது வெறும் பெயர் அல்ல, அதற்கு ஒரு தரம் உண்டு. அமெரிக்க அளவுகோலின்படி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவிகிதத்தைப் பிடிக்க வேண்டும். நம் தலைமுடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். அவ்வளவு நுண்ணிய சல்லடை. ஆனால் ‘ஹெப்பா டைப்’, ‘ஹெப்பா போன்ற’ என்று எழுதியிருந்தால் அந்தத் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. ‘எச்13’ போன்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் நல்லதாக இருந்தும் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், உறிஞ்சிய நுண்தூசு ஓரத்து இடுக்கு வழியாகத் திரும்ப அறைக்கே வந்துவிடும்.

அடுத்தது, மெத்தைப் பூச்சி என்கிற தூசுச் சிற்றுண்ணி. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஈரப்பதம் அதிகமுள்ள இடங்களில் நன்றாக வளரும், கடலோர ஊர்கள் அதற்குத் தோதானவை. அலர்ஜியைத் தூண்டுவது பெரும்பாலும் அதன் கழிவு. வேக்குவம் கிளீனர் மெத்தையின் மேல்பரப்பில் உள்ளதை எடுக்கும். ஆழத்தில் இருப்பவையும், நூலைப் பற்றிக்கொண்டிருக்கும் பூச்சிகளும் அங்கேயே இருக்கும். விரிப்பையும் தலையணை உறையையும் 55 முதல் 60 டிகிரி வெந்நீரில் வாரம் ஒருமுறை துவைத்தால் அவை சாகும். தலையணைக்கும் மெத்தைக்கும் இறுக்கமாக நெய்த உறை போடுவதும் உதவும். இதற்கான செலவு வேக்குவம் கிளீனர் விலையில் ஒரு சிறு பகுதிதான்.

‘யுவி விளக்கு 99.9 சதவிகிதக் கிருமிகளைக் கொல்லும்’ என்பது இன்னொரு வாக்குறுதி. புற ஊதாக் கதிர் கிருமியைக் கொல்வது உண்மை. ஆனால், அது எவ்வளவு நேரம் படுகிறது என்பதுதான் கணக்கு. மெத்தையின் மேல் ‘சரக் சரக்’கென்று இழுக்கும்போது ஓர் இடத்தில் ஒளி படுவது நொடி நேரம். அந்த 99.9 எத்தனை நொடி வெளிச்சத்துக்குக் கிடைத்த எண் என்று கேட்டால், விளம்பரத்தில் பதில் இருக்காது.

ஒரு முக்கியமான விஷயம். வேக்குவம் கிளீனர் ஓடும்போதும் கொஞ்சம் தூசு கிளம்பும், டப்பாவைக் காலி செய்யும்போது இன்னும் அதிகமாகக் கிளம்பும். இளைப்பு உள்ளவர் அந்த நேரத்தில் அறையில் இருக்கக் கூடாது. டப்பாவை அவர் கையால் காலி செய்யவும் கூடாது. இந்த ஒரு விஷயத்தில், பை உள்ள பழைய பாணி இயந்திரமே மேல். பையை அப்படியே கட்டிக் குப்பையில் போட்டுவிடலாம். இன்ஹேலரை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், எந்த மெஷினும் அல்ல.

அறுபது நிமிடமும் ஆறு நிமிடமும்

வயர் இல்லாத ஸ்டிக் வகைகளில் ‘60 நிமிடம் ஓடும்’ என்று இருக்கும். கீழே பொடி எழுத்தில் ஒரு நட்சத்திரக்குறி. அதைப் பெரிதாக்கிப் படித்தால், குறைந்த வேகத்தில், மோட்டார் பிரஷ் மாட்டாமல் என்று இருக்கும். விளம்பரத்தில் காட்டிய அந்த முழு வேகத்தில் ஓட்டினால், பல மாடல்களில் பத்து நிமிடம்கூட நிற்காது. லித்தியம் பேட்டரி வருடம் ஆக ஆகத் தளரும். எனவே வாங்கும் முன்பே மூன்று விலைகளைக் கேளுங்கள்: புது பேட்டரி, புது ஃபில்டர், புது பிரஷ். மூன்று வருடம் கழித்தும் அவை கிடைக்குமா என்பதையும் கேளுங்கள்.

சர்வீஸும் முக்கியம். நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பின்கோடை அடித்துப் பாருங்கள். கடலூர் 607001, சிதம்பரம் 608001. வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, பார்சல் கட்டி சென்னைக்கு அனுப்பச் சொல்வார்களா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இலவசத்துக்காக வாங்கியவர்கள்

‘இன்று மட்டும் பாதி விலை’, ‘இதோடு அது இலவசம்’ என்று பார்த்ததும் விரல் பரபரக்கும். அப்போது 1992-ல் பிரிட்டனில் நடந்ததை நினைத்துக்கொள்ளலாம்.

ஹூவர் நிறுவனம் ஒரு சலுகை அறிவித்தது. 100 பவுண்டுக்கு மேல் பொருள் வாங்கினால் இரண்டு விமான டிக்கெட் இலவசம். முதலில் ஐரோப்பாவுக்கு, பிறகு அமெரிக்காவுக்கே! டிக்கெட் விலை இயந்திரத்தின் விலையைவிட அதிகம். தேவையே இல்லாதவர்களும் வேக்குவம் கிளீனர் வாங்கிக் குவித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் டிக்கெட் கொடுக்க நிறுவனத்தால் முடியவில்லை. ஏமாந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். நிறுவனத்துக்குச் சுமார் 5 கோடி பவுண்டு செலவு. 1995-ல் ஐரோப்பியப் பிரிவே இத்தாலிய நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது.

விளம்பரம் பொய்த்தால் விற்றவருக்கும் அடிதான். ஆனால், அதற்குள் வாங்கியவர் வீட்டு மூலையில் தேவையில்லாத மெஷின் உட்கார்ந்துவிடும்.

சொன்னதைச் செய்யாவிட்டால்?

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் செயல்படுகிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிமுறைகளின்படி, கொட்டை எழுத்தில் சொன்னதைப் பொடி எழுத்தில் மறுக்கக் கூடாது. நிபந்தனை, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், படிக்கும்படி இருக்க வேண்டும்.

தனிப்பட்ட புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சிதம்பரத்தில் இருப்பவர்களும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம், நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அதற்குச் சாட்சி வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாங்கும் நாளிலேயே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு வாசகத்தை மாற்றிவிடலாம். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஐந்து நட்சத்திர விமர்சனங்களைவிட, ஆறு மாதம் பயன்படுத்தியவர்கள் எழுதிய மூன்று நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள்.

அப்படியானால் வாங்கலாமா?

சோபா, கார் சீட், ஜன்னல் இடுக்கு, ஃபேன் இறக்கை, புத்தக அலமாரி, கட்டிலுக்கு அடி. இங்கெல்லாம் துடைப்பம் தோற்கும், வேக்குவம் கிளீனர் ஜெயிக்கும். நல்ல ஃபில்டர் இருந்தால், பெருக்கும்போது பறப்பதைவிடக் குறைவாகவே தூசு பறக்கும். இது விளம்பரம் இல்லாமலே உண்மை. துடைப்பத்துக்கும் மாப்புக்கும் ஓய்வு கொடுத்துவிடும் என்பதுதான் நிறைவேறாத வாக்குறுதி.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன்.

"என்னக்கா முடிவு பண்ண?"

"வயர் வச்ச சாதா மெஷின்தான்டி, பை உள்ளது. கடைக்காரர் வீட்டுக்கே வந்து ஓட்டிக் காட்டுறேன்னாரு. சோபாவ மட்டுமில்ல, கட்டிலுக்கு அடியிலயும் ஓட்டுங்கன்னுட்டேன். ஞாயித்துக்கிழம அத்தைய உன் மாமா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போற நேரத்துல, உன் அக்கா புள்ளதான் மெஷின் ஓட்டணும். சொல்லிட்டேன்."

"அப்ப எனக்கு ரோபோ?"

"உன் வீட்டு நிலைப்படிய ஸ்கேல் வச்சு அளந்தியா?"

"அளந்தேன். எட்டு சென்டிமீட்டர்." தங்கை சிரிக்கிறார். "நின்னுக்கிட்டே கூட்டுற மாதிரி நீளக் கழி தொடப்பமும், குனியாம பிழியுற மாப்பும் வாங்கிட்டேன். மீதிப் பணத்துல முட்டிக்கு டாக்டரைப் பார்க்கப் போறேன்."

"அதச் செய்யி முதல்ல."

"இன்னொண்ணுக்கா. உங்க வீட்ல பெருக்க வர்ற அம்மாவும் இருமுறாங்கன்னு சொன்னியே?"

அக்கா ஒரு நிமிடம் பேசவில்லை. தினமும் காலையில் குனிந்து, அந்த வீட்டுத் தூசை முதலில் மூச்சில் வாங்குவது அவர்தான். மாமியாருக்காவது இன்ஹேலர் இருக்கிறது.

"நேத்தே சொல்லிட்டேன்டி. சோபா, மெத்தைப் பக்கம் அவங்க தட்டவே வேண்டாம், அது மெஷின் வேலை. தரைய மொதல்ல ஈர மாப்ல ஒரு இழுப்பு இழுத்துட்டு அப்புறம் கூட்டட்டும். மாஸ்க்கும் வாங்கி வச்சிருக்கேன். இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்காம். நாளைக்கு அத்தைக்கு டோக்கன் போடும்போது, அவங்களுக்கும் சேர்த்துப் போட்டுட்டேன்."